எஞ்சினை அணைத்த பிறகும் சூடான கேபின்

எங்கள் பள்ளி நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. மாணவர்கள் பலரின் தந்தையர் லாரி ஓட்டுநர்கள். எட்டாம் வகுப்பில் எரிதல் பற்றிய பாடம் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், எங்கப்பா காஷ்மீருக்கு லோடு போயிருக்காரு. ராத்திரி குளிர் தாங்காம எஞ்சினை ஓடவிட்டே தூங்குறாராம். டீசல் வீணாகுதுன்னு, கேபினுக்குள்ள சட்டியில கரி போட்டுக்கலாமான்னு யோசிக்கிறாரு."

அந்தக் கேள்வியையே அன்றைய பாடமாக்கினேன்.

முதலில் கரிச்சட்டி. கரி முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவுடன் பிணையும். மூடிய கேபினில் தூங்குபவர் விழிக்காமலே இறந்துவிடக்கூடும். "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா?" என்றான் ஒருவன். அதையும் நம்ப முடியாது என்றேன்.

அடுத்து, கணக்கு. அமெரிக்காவின் பெரிய நெடுந்தூர லாரி நின்றபடி எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் டீசல் செலவாகும். 8 மணி நேரத் தூக்கத்துக்கு 24 லிட்டர்! ஆனால், சிறிய கேபினுக்கு 2 கிலோவாட் வெப்பமே போதும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. அப்படியானால் மணிக்கு எவ்வளவு டீசல் தேவை? மாணவர்களே 0.2 லிட்டர் என்று கண்டுபிடித்தார்கள். வெப்ப இழப்பையும் சேர்த்தால் இரவு முழுவதற்கும் 2 லிட்டர் போதும்.

இந்தக் கணக்கில் இயங்குவதுதான் குளிர்நாட்டு லாரிகளில் உள்ள டீசல் ஹீட்டர். நம் டீக்கடை பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்குழாயில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். புகை தண்ணீரில் கலப்பதில்லை. இந்த ஹீட்டரில் தண்ணீருக்குப் பதில் கேபின் காற்று. எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வருகிறது. புகையும் தனிக்குழாய் வழியே வெளியே போகிறது. உலோகச் சுவர் வழியாக வெப்பம் மட்டும் உள்ளே வருகிறது. மின்விசிறியும் எரிபொருள் பம்பும் வண்டியின் பேட்டரியில் இயங்கும். புகைக்குழாயைப் பனியோ சேறோ அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இருக்க வேண்டும்.

ஹீட்டர் இல்லாதவர் என்ன செய்வது? கண்ணாடிகள் வழியாக வெப்பம் நிறைய வெளியேறும். அவற்றை உள்ளிருந்து கனமான துணியால் மறைக்கலாம், கம்பளி போர்த்தலாம், இறுக மூடிய வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலருகே வைத்துக்கொள்ளலாம்.

அன்று மாலையே மாணவி தந்தையிடம் பேசிவிட்டாள். "கரி வேண்டாம்னு சொல்லிட்டேன் சார். ஏன்னு கேட்டாரு, அதையும் சொன்னேன்" என்றாள் மறுநாள்.

ஆசிரியர்களே, எரிதல், வெப்பக் கடத்தல், ஆற்றல் அலகுகள் ஆகிய மூன்றையும் இந்த ஒரே கேள்வியில் இணைக்கலாம். உங்கள் ஊர்க் குடும்பங்களின் தொழிலிலும் இப்படியொரு கேள்வி இருக்கும். கேட்டுப் பாருங்கள்.