கடைசிக் கம்பம்: லோரோங் புவாங்கோக்கின் வரலாறும் வாழ்க்கையும்



"கம்பத்து வாழ்க்கை" என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் பலர் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். கதவைப் பூட்டவே மாட்டார்களாம், எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்களாம், இப்போது அதெல்லாம் போய்விட்டதாம். மூன்று வரியில் கட்டுரை முடிந்துவிடும். எழுதியது பொய் இல்லை. ஆனால் எந்தக் கம்பம், யார் இருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. கிளமெண்டியில் பிறந்து பதினைந்தாவது மாடியில் வளரும் பிள்ளைக்குக் கம்பம் என்றால் பாடநூலில் வரும் ஒரு படம், அவ்வளவுதான். ஆகவே இந்த முறை ஒரே ஒரு கம்பத்தை எடுத்துக்கொண்டு அதன் கதையை முழுசாகப் பார்ப்போம்.

முதலில் அந்தச் சொல்

மலாய் மொழியில் கிராமத்துக்குக் "கம்போங்" என்று பெயர். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் நாக்கில் அது "கம்பம்" ஆயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்தவரிடம் "கம்பத்துல இருந்தோம்" என்று சொன்னால் தேனிப் பக்கத்துக் கம்பம் ஊரா என்று கேட்பார். இல்லாவிட்டால் விளக்குக் கம்பத்தை நினைப்பார். இங்கே இலக்கணம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டும் கிடைக்கிறது. மரம், மரத்தில் என்பது போலவே கம்பம், கம்பத்தில், கம்பத்து வீடு என்று அத்துச் சாரியை பெற்று வருகிறது. கடன் வாங்கிய சொல் நம் இலக்கணத்துக்குள் குடியேறிவிட்டது. "லோரோங்" என்பதும் மலாய்ச் சொல்தான்; சந்து, சிறு சாலை என்று பொருள்.

இடமும் வரலாறும்

சிங்கப்பூரின் முக்கியத் தீவில் மிஞ்சியிருக்கும் ஒரே கம்பம், வடகிழக்கே யியோ சூ காங் சாலைக்கு அருகே உள்ள லோரோங் புவாங்கோக். (புலாவ் உபின் தீவிலும் கம்பத்து வீடுகள் உண்டு, ஆனால் அது தனித் தீவு.) பரப்பளவு சுமார் 1.2 ஹெக்டேர். இரண்டு காற்பந்துத் திடலுக்குச் சற்றுக் குறைவான அளவு என்று மாணவர்களிடம் சொன்னால் உடனே புரியும்.

சீன மருந்து விற்றுவந்த ஒருவர் 1956-இல் இந்த நிலத்தை வாங்கினார். அப்போதே அங்கே சில வீடுகள் இருந்தன. பிறகு மேலும் குடும்பங்கள் வந்து வாடகைக்கு வீடு போட்டுக்கொண்டன. நன்றாக இருந்த காலத்தில் சுமார் 40 குடும்பங்கள் இருந்தன; இன்று ஏறக்குறைய 25 குடும்பங்கள். சீனரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த உட்பிரிட்ஜ் மருத்துவமனையில் வேலை பார்த்த மலாய்க் குடும்பங்களும் இங்கே தங்கியிருந்தன. நிலம் இன்னும் வாங்கியவரின் குடும்பத்திடமே இருக்கிறது. வாடகையும் பழைய வாடகைதான்: மாதம் 6.50 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை என்று செய்தித்தாள்களில் பலமுறை வந்திருக்கிறது. இந்தக் காசுக்கு இன்றைக்கு ஒரு நல்ல சாப்பாடு கிடைக்கும், வீடு எங்கே கிடைக்கும்?

இந்தக் கம்பத்துக்கு மலாயில் ஒரு செல்லப்பெயரும் உண்டு: கம்போங் செலாக் காயின். "கைலியைத் தூக்கிப் பிடிக்கும் கம்பம்" என்று பொருள். நிலம் தாழ்வானது. பெரிய மழை பெய்தால் தண்ணீர் ஏறிவிடும். நடப்பவர் கைலியைத் தூக்கிப் பிடித்துத்தான் போக வேண்டும். சிரித்துக்கொண்டே வைத்த பெயர்தான், ஆனால் அதற்குள் ஒரு கஷ்டம் இருக்கிறது. கட்டுரை எழுதும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்றாட வாழ்க்கை

வீடுகள் ஒரே தளம். பலகைச் சுவர், தகரக் கூரை. பழைய கம்பங்களில் நிப்பா ஓலை வேய்ந்த அத்தாப்பு வீடுகள் இருந்தன. மலாய் வீடுகள் பெரும்பாலும் கால் நட்டு உயர்த்திக் கட்டியவை; சீனர் வீடுகள் தரையோடு இருக்கும். லோரோங் புவாங்கோக்கில் மின்கம்பிகள் இன்னும் தலைக்கு மேலேதான் போகின்றன. நகரத்தில் அவை பூமிக்குள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கோழி குறுக்கே ஓடும். வாசலில் வாழை, ரம்புத்தான், பூச்செடிகள். ஊருக்குள்ளேயே ஒரு சிறிய சூராவ், அதாவது தொழுகைக்கூடம் இருக்கிறது. பெருநாள் வந்தால் பலகாரம் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும். சீனப் புத்தாண்டு வந்தால் அங்கிருந்து இங்கே வரும்.

இப்படிக் கூடி வாழ்வதற்கு மலாயில் "கோத்தோங் ரோயோங்" என்ற சொல் உண்டு. எல்லாரும் கை கொடுத்து ஒரு வேலையை முடிப்பது. வடிகால் தோண்டுவது, கல்யாணச் சமையல், கூரை மாற்றுவது எல்லாம் அதில் அடங்கும். நம் ஊர்ப்பக்கம் மொய் வைப்பதையும் கைமாற்று வேலையையும் நினைத்துக்கொண்டால் இது அந்நியமாகத் தெரியாது. ஆனால் இது குணத்தால் மட்டும் வந்ததா? தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வழி இல்லாத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்தான் தீயணைப்பாளர். வெள்ளம் வந்தால் அவர்தான் மீட்புப்படை. தேவை இருந்தது, அதனால் உறவும் இருந்தது.

மற்ற கம்பங்கள் ஏன் மறைந்தன?

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். பலகையும் அத்தாப்பும் நெருக்கி நெருக்கிக் கட்டியிருந்ததால் தீ நிற்கவில்லை. எரிந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வேகமாக எழுந்தன. 1966-இல் நில எடுப்புச் சட்டம் வந்தது. பொதுத் தேவைக்கு அரசாங்கம் நிலம் எடுப்பது எளிதாயிற்று. 1970-களிலும் 80-களிலும் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கிளமெண்டி நகரமும் 1970-களின் பிற்பாதியில் எழுந்ததுதான். பெருவிரைவு ரயில் நிலையம் 1988-இல் திறந்தது.

சுகாதாரத்தையும் மறக்கக் கூடாது. கழிவை வாளியில் எடுத்துச் செல்லும் முறை 1987 வரை இந்த நாட்டில் இருந்தது. பொதுக்குழாயில் வரிசை நின்று தண்ணீர் பிடித்த அம்மாக்களுக்கு, வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது பெரிய விடுதலை. மாடி வீட்டுக்குப் போனவர்களில் அழுதவர்களும் உண்டு, சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஒரே ஆள் இரண்டையும் செய்திருக்கலாம்.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் அந்த வட்டாரக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். கேன்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடுதான் இன்று ஈசூனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். குடியிருப்பு போய்விட்டது, கோயில் இடம் மாறி நிற்கிறது.

இனி என்ன ஆகும்?

2014-ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்தில் லோரோங் புவாங்கோக் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய சாலை, இரண்டு பள்ளிகள், ஒரு பூங்கா என்று குறிக்கப்பட்டிருந்தது. 2017-இல் நாடாளுமன்றத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, அருகிய காலத்தில் அந்தத் திட்டத்தைச் செயல்படுத்தும் எண்ணம் இல்லை என்று அரசாங்கம் பதில் சொன்னது. உரிமையாளர் குடும்பமும் விற்க விரும்பவில்லை. ஆக, கம்பம் இன்றைக்கு இருக்கிறது. என்றைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இங்கேதான் மாணவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி வருகிறது. 25 குடும்பங்களின் வீடா, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கான பள்ளியா? வீடுகளை வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பிவிட்டால் அது கம்பமா, காட்சிக்கூடமா? நிலம் குறைந்த நாட்டில் இதற்குச் சுலபமான விடை கிடையாது. ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு, மறு பக்கத்துக்கும் பதில் சொல்லி எழுதுபவரின் கட்டுரைதான் நிற்கும்.

வகுப்பிலும் தேர்விலும்

கட்டுரையில் "ஒற்றுமையாக வாழ்ந்தனர்" என்று நிறுத்தாமல் ஒரு காரணமும் ஒரு காட்சியும் சேருங்கள். "வெள்ளம் வந்தால் உயரமான வீட்டுக்காரர் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்க வைப்பார்" என்று எழுதினால் ஒற்றுமை என்ற சொல்லே தேவைப்படாது.

வாய்மொழித் தேர்வில் பேச்சுத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "கம்பத்துல எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருந்தாங்க. ஆனா மழை வந்தா வீட்டுக்குள்ள தண்ணி வந்துடும், கஷ்டமும் நிறைய இருந்துச்சு. அதனால மாடி வீடு வந்தது நல்லதுதான்னு நினைக்கிறேன். ஆனா இப்ப எங்க மாடியில பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூட எனக்குத் தெரியாது. அதை நாமதான் மாத்தணும்." இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது, சொந்தக் கருத்தும் இருக்கிறது.

ஆசிரியர்கள் ஒரு சிறு பணி கொடுக்கலாம். கம்பத்தில் வளர்ந்த கடைசித் தலைமுறைக்கு இப்போது ஐம்பது, அறுபது வயதுக்கு மேல். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடமோ, புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமோ மாணவர் ஐந்தே கேள்வி கேட்டு வரட்டும்: எந்தக் கம்பம்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டில் யார்? எப்போது காலி செய்தீர்கள்? எதை எடுத்து வந்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத் தனித்தாளில் எழுதச் சொல்லுங்கள்.

நேரில் லோரோங் புவாங்கோக் போய்ப் பார்க்க விரும்பும் வகுப்புகளுக்கு ஒரு வார்த்தை. அது அருங்காட்சியகம் இல்லை; ஆட்கள் குடியிருக்கும் இடம், தனியார் நிலம். கேட்காமல் வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். கதவு திறந்திருப்பது உள்ளே வரச் சொல்லி அல்ல.