நுரை தள்ளுதா... சூப்பர் பாஸ்!

2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வைப் பார்த்துட்டு, வீட்டுலயே பவளத்தொட்டி வைக்கத் துடிக்கிற பார்ட்டியா நீங்க? மீன் வாங்கறதுக்கு முன்னாடி, ஸ்கிம்மரைக் கவனிங்க!

மீன் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணியில் அழுகினா அம்மோனியா உருவாகும். அது மீனுக்கு எமன்! அழுகறதுக்கு முன்னாடியே கழிவை வெளியே தள்ளுறதுதான் ஸ்கிம்மரோட வேலை. பொடிப்பொடி காற்றுக் குமிழில் கழிவு ஒட்டிக்கிட்டு, நுரையா மேலேறி கப்பில் விழும்.

சரி, எதை வாங்கறது? 'இத்தனை லிட்டருக்கு'னு அட்டைப்பெட்டியில் போட்டிருக்கறதை அப்படியே நம்பாதீங்க. பெரும்பாலும் அது மீன் கம்மியா இருக்கற தொட்டிக்கான கணக்கு. 200 லிட்டர் தொட்டியில் ஏழெட்டு மீன் வளர்த்தா, 300 லிட்டர் மாடலைப் பாருங்க. அதுக்காக 1,000 லிட்டர் மாடலுக்குத் தாவிடாதீங்க. கழிவு பத்தாம, நுரை நிலையா நிக்காது. காசும் வேஸ்ட்!

தொட்டிக்குக் கீழே சம்ப் இருந்தா, அதுக்குள்ளே நிக்கிற மாடல் பெஸ்ட். கப்பைத் தூக்கிக் கழுவ மேலே இடம் இருக்கானு அளந்துக்கங்க. சம்ப் இல்லையா? பின்பக்கம் தொங்குற மாடல் இருக்கு.

வாங்கின அன்னிக்கே நுரை வரலைனு கடைக்காரரோட மல்லுக்கு நிக்காதீங்க. புது ஸ்கிம்மர் செட்டாக ஓரிரு வாரம்கூட ஆகலாம். அப்புறம் ஒருநாள் கப்பில் டிகாக்ஷன் கலர்ல, மூக்கைப் பொத்த வைக்கிற தண்ணி நிக்கும். அதான் பாஸ் வெற்றி!