மேடை நாடகம் திரைக்குப் போனால் என்ன ஆகும்?

கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்த பெரியவர்கள் ஜொகூரில் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்தவர்களும் அவர்கள்தான். அப்படிப் பார்த்த படங்களில் சில, முதலில் மேடையில் வெற்றி பெற்ற நாடகங்கள்.

சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தை 1957-இல் சிவாஜி கணேசன் மேடையேற்றினார். 1959-இல் பி. ஆர். பந்துலு அதை வண்ணப் படமாக்கினார். மேடையில் காட்ட முடியாத குதிரைகளும் போர்க்களமும் திரையில் வந்தன. ஆனாலும் மக்கள் மனத்தில் நின்றது ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் பேசும் வசனம். இடம் விரிந்தாலும் நாடகத்தின் உயிர் பேச்சில்தான் இருந்தது.

எம். ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' வேறு விதம். திருவாரூர் தங்கராசு எழுதிய இந்நாடகத்தில், அன்றாடச் செய்திகளைக் கிண்டலடித்து வசனத்தை அவ்வப்போது மாற்றுவார் ராதா. 1954-இல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் படமானதும் வசனம் ஒரே வடிவில் நின்றுவிட்டது. அது ஓர் இழப்புதான். ஆனால், ராதா 1979-இல் மறைந்த பிறகும் அவர் குரல் நம் வீடுகளில் கேட்கக் காரணம் அந்தப் படமே. 2003-இல் கன்னடத்திலும் உபேந்திரா நடிக்க அக்கதை மீண்டும் படமானது.

கதையை வேறு மண்ணுக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தை விஷால் பரத்வாஜ் 2003-இல் 'மக்பூல்' என்ற இந்திப் படமாக்கினார். ஸ்காட்லாந்து அரண்மனை மும்பை நிழலுலகம் ஆனது. வருவதை முன்பே சொல்லும் சூனியக்காரிகளுக்குப் பதில், ஜாதகம் கணிக்கும் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். பதவி ஆசையும் குற்ற உணர்வும் மட்டும் மாறவில்லை.

ஸ்காட்லாந்துக் கதை மும்பைக்கு வர முடியுமானால், லயத்து வீட்டு நாடகம் இன்றைய தாமான் வீட்டுக் குறும்படமாக வர முடியாதா? முடியும். அதற்கு முதலில் வசனம் கையில் இருக்க வேண்டும். தோட்டத்தில் போட்ட நாடகங்கள் பல நோட்டுப் புத்தகங்களில் மட்டுமே இருந்தன. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வீடு மாறியபோது அவற்றில் எத்தனை குப்பைக்குப் போயினவோ!

உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ அந்தக் காலத்தில் வேஷம் கட்டியவராக இருந்தால், இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்காருங்கள். நினைவில் உள்ள வசனங்களைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் எழுதியது, யார் யார் நடித்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள். படம் எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்களின் நினைவு நமக்காகக் காத்திருக்காது.