வாசலில் ஒளிரும் பரங்கிக்காய்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் செப்டம்பர் மாதம் கழிந்து, மேப்பிள் மரங்களின் இலைகள் பொன்னிறமும் செந்நிறமும் கொள்ளத் தொடங்கியதும், சிறு குழந்தைகளை உடைய குடும்பஸ்தர்கள் விடுமுறை நாளொன்றில் நகரத்துக்கு வெளியே உள்ள பண்ணைகளுக்குச் சென்று, கொடி காய்ந்து கிடக்கும் நிலத்தில் குழந்தைகளை ஓடவிட்டு, அவர்கள் கைகாட்டும் பரங்கிக்காயை விலைகொடுத்து வாங்கி வருவது நெடுநாளைய வழக்கம். அக்டோபர் 31-ஆம் தேதி, ஹாலோவீன் இரவில், அந்தக் காய் வாசற்படியில் விளக்காக நிற்கும். நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையாகிய நன்றி கூறும் திருநாளில் அதன் குலத்தைச் சேர்ந்த இன்னொரு காய் இனிப்புப் பணியாரமாகி விருந்துக்கு வரும். இவ்விரண்டு நாட்களையும் ஒட்டியே அக்குடும்பங்களின் தான தர்மங்களில் பலவும் நடைபெறும். ஒரு பருவம் முழுவதும் வீட்டோடு இவ்வளவு நெருங்கியிருக்கும் இந்தக் காய் எங்கே பிறந்தது, எப்படி வளர்கிறது, எவ்விதம் விளக்காகிறது என்பதைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது பிரயோஜனமுள்ளது.

முதலில் ஒரு பேதத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆயுத பூஜையன்று குங்குமம் தடவி நாம் வாசலில் உடைக்கும் வெண்பூசணி ஆசியாவுக்கே உரிய வேறொரு தாவரம். கூட்டுக்கும் சாம்பாருக்கும் நறுக்கும் மஞ்சள் சதையுள்ள பரங்கிக்காயோ குக்குர்பிட்டா என்னும் அமெரிக்கப் பேரினத்தைச் சேர்ந்தது; கொலம்பஸின் கடற்பயணத்துக்குப் பிறகே அது கீழ்த்திசை நாடுகளை வந்தடைந்தது. நம் சமையலறைக் காய்க்கு மொஸ்காட்டா என்றும், ஹாலோவீன் விளக்குக்கு உதவும் காய்க்குப் பெப்போ என்றும் தாவர சாஸ்திரத்தில் பெயர். இரண்டும் ஒரே குலத்தில் உதித்தவை.

பெப்போவின் பூர்வ சரித்திரம் வியக்கத்தக்கது. அதன் காட்டு மூதாதை கைக்குள் அடங்கும் சிறு காய். குக்குர்பிட்டாசின் என்னும் ரசாயனப் பொருளால் சகிக்கவொண்ணாத கசப்புடையது. எலி முதலிய சிறு பிராணிகள் அந்தக் கசப்பை எளிதில் உணர்ந்து விலகிவிடும்; பேருடல் படைத்த மிருகங்களுக்கோ அது ஒரு பொருட்டன்று. யானைக்கு உறவான மாஸ்டோடான் என்னும் மிருகம் பனியுகத்தில் வட அமெரிக்கக் காடுகளில் திரிந்தபோது இக்காய்களைத் தின்று, விதைகளைத் தொலைதூரங்களில் சாணத்தோடு இட்டுச் சென்றது என்பதற்கு, ஃபுளோரிடா மாநிலத்து ஆற்றுப்படுகையில் அகப்பட்ட மாஸ்டோடான் சாணத்துள் அவ்விதைகள் காணப்பட்டமையே சான்றாகும். பனியுக முடிவில் அம்மிருகங்கள் மறைந்தொழியவே, விதை சுமப்பாரின்றிக் காட்டுக் கொடிகள் பல இடங்களில் அருகிப்போயின என்று 2015-இல் வெளியான ஆராய்ச்சியொன்று கருதுகிறது. அந்த நிலையில் அதற்குக் கைகொடுத்தவன் மனிதன். மெக்சிகோ நாட்டின் வஹாக்கா பிரதேசத்தில் கிலா நாகிட்ஸ் என்னும் குகையில் அகழ்ந்தெடுத்த பெப்போ விதைகள், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள ஜனங்கள் இதைப் பயிரிட்டு வந்தனர் என்று காட்டுகின்றன. கசப்புக் குறைந்த காயின் விதையையும், பருத்த காயின் விதையையும் தேர்ந்து தேர்ந்து அவர்கள் விதைத்து வந்ததன் பயனாகவே, தீண்டத்தகாத கசப்பு உணவாக மாறியது.

மனிதனைப் போலவே இத்தாவரத்தோடு தன் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட இன்னொரு ஜீவன் உண்டு. அது பரங்கித் தேனீ. பரங்கிக் கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கின்றன. ஆண்பூவின் மகரந்தம் பிசுபிசுப்பும் கனமும் உள்ளதாகையால் காற்று அதைச் சுமப்பதில்லை. பூக்கள் விடியலில் விரிந்து நண்பகலுக்குள் குவிந்துவிடும் ஸ்வபாவமுடையவை. இந்தக் குறுகிய அவகாசத்துக்கு ஏற்றாற்போல, கூட்டுத் தேனீக்கள் கிளம்புவதற்கு முன்னதாகவே, சூரியோதய வேளையில், பரங்கித் தேனீக்கள் வேலை தொடங்கிவிடுகின்றன. பெண் தேனீ தன் குஞ்சுகளுக்குப் பரங்கி இனத்து மகரந்தத்தையன்றி வேறொன்றையும் சேகரிப்பதில்லை. கொடியின் அடியிலோ அருகிலோ நிலத்தைத் துளைத்துக் கூடமைக்கிறது. ஆண் தேனீக்களோ பகலில் குவிந்துவிட்ட பூவுக்குள்ளேயே துயில்கின்றன. மெக்சிகோவிலிருந்து மனிதர் இப்பயிரை வடக்கே கொண்டுசெல்லச் செல்ல, இத்தேனீயும் அதைப் பின்தொடர்ந்து கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியது என்று அதன் மரபணுக்களை ஆராய்ந்தோர் கண்டறிந்திருக்கின்றனர்.

வட அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஹோடனோஷோனி என்ற இரோக்குவா மக்கள் மக்காச்சோளம், அவரை, பரங்கி ஆகிய மூன்றையும் ஒரே மேட்டில் விதைத்து, அவற்றை மூன்று சகோதரிகள் என்று போற்றி வந்தனர். சோளத் தட்டை அவரைக்குக் கொழுகொம்பாகிறது. அவரையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை நிலத்துக்கு உரமாக்குகின்றன. பரங்கியின் அகன்ற இலைகள் மண்ணின் ஈரத்தைக் காத்துக் களையை அடக்குகின்றன. ஒன்றுக்கொன்று உபகாரமாய் வாழும் இம்முறையை, ஐரோப்பாவிலிருந்து சென்று குடியேறியோர் அவர்களிடமிருந்தே அறிந்துகொண்டனர்.

இன்று விளக்குக்கென்றே பயிராகும் காய் மே மாத இறுதியிலோ ஜூனிலோ விதைக்கப்பட்டு, ரகத்துக்கேற்ப 90 முதல் 120 நாட்களில் முற்றுகிறது. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, மாசசூசெட்ஸ் மாநிலத்து விவசாயி ஜான் ஹவ்டன் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய, அவர் பெயராலேயே வழங்கும் ரகம். நிறம் ஆழ்ந்த ஆரஞ்சு, காம்பு பருமன், வடிவம் நிமிர்ந்தது. நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குத் தோல் இறுகிய பின், உறைபனி விழுமுன், காம்பை நீளமாக விட்டு அறுக்கிறார்கள். காம்பைப் பிடித்துத் தூக்கலாகாது. அது ஒடிந்த இடத்தில்தான் அழுகல் முதலில் நுழையும்.

காய் வீட்டுக்கு வந்ததும் குடைவுத் தொழில் ஆரம்பமாகிறது. காம்பைச் சுற்றி மூடி அறுக்கும்போது கத்தியை நேர்செங்குத்தாக இறக்காமல், முனை காயின் நடுவை நோக்குமாறு சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் சரிவான விளிம்பில் மூடி தங்கும், உள்ளே விழாது. மூடியின் ஓரத்தில் ஒரு சிறு கோணம் வெட்டி வைத்தால் அதைத் திரும்பப் பொருத்தும் இடம் தெரியும். பின்னர் நாரையும் விதையையும் அகற்றி, முகம் அமையப்போகும் பக்கத்துச் சதையை உட்புறமாக வழித்து, சுவரின் கனத்தை ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் குறைக்க வேண்டும். கனம் மிகுந்தால் அறுப்பதும் கடினம், ஒளியும் வெளியே வராது. கனம் மிகக் குறைந்தால் முகம் இரண்டொரு நாளில் தொய்ந்துவிடும். காகிதத்தில் வரைந்த முகத்தைக் காயின்மேல் ஒட்டி, கோடு நெடுகக் குத்தூசியால் புள்ளியிட்டு, சிறு ரம்பத்தால் அறுப்பது தேர்ந்தோரின் முறை. முதலில் நடுவிலுள்ள நுட்பமான பகுதிகளையும் கடைசியில் பெரிய திறப்புகளையும் அறுத்தால் சுவர் உறுதி குன்றாமல் நிற்கும். வரைவதும் விதை அள்ளுவதும் குழந்தைகளின் வேலை. அறுப்பது பெரியவர்களின் பொறுப்பு. உள்ளே மெழுகுவத்தி ஏற்றுவோர் புகை வெளியேற மூடியில் ஒரு துளையிடுவர். சிறுவர் நடமாடும் வீட்டில் மின்கலத்தால் எரியும் சிறு விளக்கே உத்தமம்.

இக்கலை அமெரிக்காவில் தோன்றியதன்று. அயர்லாந்தில் குளிர்காலத் தொடக்கத்தில் வரும் 'சாவின்' (Samhain) என்னும் பண்டிகையை ஒட்டி, டர்னிப் முதலிய கிழங்குகளைக் குடைந்து கோரமுகம் வெட்டி விளக்கேற்றுவது வழக்கமாயிருந்தது. சாத்தானை ஏமாற்றியதன் பலனாகச் சுவர்க்கமும் நரகமும் இரண்டும் மறுக்கப்பட்ட ஜாக் என்னும் உலோபி, கிழங்குக்குள் இட்ட ஒரு நெருப்புத் துண்டோடு இருளில் அலைகிறான் என்பது அந்நாட்டுக் கதை. 19-ஆம் நூற்றாண்டில், முக்கியமாக 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால், அயர்லாந்து மக்கள் லட்சக்கணக்கில் அமெரிக்கா சென்றபோது, கெட்டியான சிறு கிழங்கைவிடப் பெரியதும், இயற்கையாகவே உள்ளே வெற்றிடமுள்ளதுமான பரங்கிக்காய் அவர்கள் கைத்திறனுக்கு எளிதாக இசைந்தது.

செய்த விளக்கு நெடுநாள் நிலைப்பதில்லை. காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் நீர். தோல் முழுதாயிருக்கும்வரை பல வாரங்கள் கெடாதிருக்கும் அது, அறுபட்ட கணத்திலிருந்து ஈரத்தை இழந்து சுருங்கத் தொடங்குகிறது. சர்க்கரையும் ஈரமும் உள்ள உட்சதையில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் குடியேறுகின்றன. அறுத்த விளிம்புகளில் வாஸ்லைன் போன்ற களிம்பைப் பூசி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் சுருங்குதல் சற்றுத் தாமதப்படும். ஆகையால் பண்டிகைக்கு இரண்டொரு நாள் முன்னதாகக் குடைவதே விவேகம்.

ஹாலோவீன் இரவில் குழந்தைகள் வேஷம் புனைந்து வீடுவீடாகச் சென்று மிட்டாய் பெறுவார்கள். பெறுவதற்கென்றே ஏற்பட்ட இந்த இரவைக் கொடுக்கும் இரவாகவும் ஆக்கிய பெருமை பிலடெல்பியாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு உரியது. பாதிரியார் கிளைட் ஆலிசனும் ஆசிரியையான அவர் மனைவி மேரி எம்மாவும், யுத்தத்தால் துயருற்ற குழந்தைகளுக்கென 1946-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறுவிய யூனிசெஃப் ஸ்தாபனத்தின் பால்பொடித் திட்டத்தைப் பற்றி அறிந்து, 1950-ஆம் வருஷத்து ஹாலோவீன் இரவில் தம் குழந்தைகளின் கையில் காலிப் பால் அட்டைப்பெட்டிகளை உண்டியலாகக் கொடுத்து, மிட்டாய்க்குப் பதில் காசு கேட்கச் செய்தனர். அந்த எளிய முயற்சி நாடெங்கும் பரவியது. 1967-இல் ஜனாதிபதி ஜான்சன் அக்டோபர் 31-ஐ யூனிசெஃப் தினமாகப் பிரகடனம் செய்தார். இதுகாறும் குழந்தைகள் திரட்டியளித்த தொகை 17 கோடி டாலருக்கு மேற்பட்டது. பிறந்த நாட்டையும் முகத்தையும் அறியாத இன்னொரு குழந்தைக்காக ஒரு குழந்தை கதவைத் தட்டுவதைவிடச் சிறந்த தர்ம போதனை வேறு என்ன இருக்கக்கூடும்?

பரங்கிக்காயே இரக்கத்தின் அடையாளமாகும் வழக்கமும் பிற்காலத்தில் உண்டாயிற்று. நிலக்கடலை, பால், முட்டை போன்றவை சில குழந்தைகளுக்குப் பிராணாபத்தான ஒவ்வாமையை விளைவிக்கக்கூடியவை. அவர்களுக்கு அண்டைவீட்டு மிட்டாய் அபாயமாகக்கூடும். ஆகவே டென்னசி மாநிலத்தில் தோன்றி 2014 முதல் தேசமெங்கும் பரவிய ஒரு முயற்சியின்படி, நீலப்பச்சை வர்ணம் தீட்டிய பரங்கிக்காய் வாசலில் இருந்தால், அவ்வீட்டில் தின்பண்டமல்லாத சிறு பொம்மை, பென்சில் முதலியவையும் கிடைக்கும் என்று பொருள். விருந்தினரின் குறையறிந்து உபசரிப்பதே உண்மையான உபசாரம் என்பதை ஒரு வர்ணம் ஊருக்கு உணர்த்துகிறது.

நவம்பர் பிறந்ததும் நன்றி கூறும் திருநாளுக்கான ஏற்பாடுகள் தொடங்கும். 1863-இல் ஜனாதிபதி லிங்கன் இதைத் தேசியத் திருநாளாக அறிவித்ததற்கு, சாரா ஜோசபா ஹேல் என்னும் பத்திரிகாசிரியை பல ஆண்டுகள் விடாது எழுதி வந்ததும் முக்கிய காரணம். இத்திருநாளை ஒட்டிப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் வைக்கும் பெட்டிகளில் குடும்பங்கள் தகர டப்பிகளில் அடைத்த உணவைக் கொண்டுவந்து சேர்க்க, அவை 1967-இல் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய முன்மாதிரியைப் பின்பற்றி எங்கும் அமைந்துள்ள உணவு வங்கிகளின் வழியாக ஏழைக் குடும்பங்களைச் சென்றடைகின்றன.

திருநாள் விருந்தின் 'பம்ப்கின் பை' விளக்குக் காயால் செய்யப்படுவதன்று. அதன் சதை நாரும் நீரும் மிகுந்து இனிப்புக் குன்றியது. டப்பியில் அடைத்து விற்கும் பரங்கிக் கூழில் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில் விளையும், நம் பரங்கிக்காயின் இனமான மொஸ்காட்டாவிலிருந்தே தயாராகிறது. அக்கூழோடு முட்டை, பால், சர்க்கரை சேர்த்து, நம் கீழ்த்திசை உலகுக்களித்த இலவங்கப்பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் பொடிகளைக் கலந்து, மாவோட்டில் ஊற்றி அடுப்பில் வேகவைக்கும்போது, முட்டையின் புரதங்கள் வெப்பத்தால் பின்னிக்கொண்டு நீரைச் சிறைப்படுத்துவதால் கலவை மிருதுவாக இறுகுகிறது. வெப்பம் அளவு கடந்தால் அப்பின்னல் அதிகமாக இறுகி நீரை வெளியேற்றிவிடும், மேற்பரப்பு வெடிக்கும். ஆகவே நடுப்பகுதி சற்றே தளதளக்கும்போதே வெளியே எடுத்துவிடுவது அனுபவசாலிகளின் பழக்கம்.

குடைந்தெடுத்த விதைகளைக் கழுவி உலர்த்தி உப்பிட்டு வறுத்தால் புரதமும் எண்ணெயும் நிறைந்த சிற்றுண்டியாகும். வாடிய விளக்கை மெழுகு நீக்கி எருக்குழியில் இட்டால் மறுவருஷத் தோட்டத்துக்கு உரமாகும். குப்பைமேட்டில் காற்றுப்புகாது புதைந்தால் மட்டுமே அது மீத்தேன் வாயுவை எழுப்பி உலகுக்குத் தீங்கு செய்யும்.

மாஸ்டோடான் சுமந்தது, மனிதன் விதைத்தது, தேனீ சூல்கொள்ளச் செய்தது, அவரையும் சோளமும் துணைநின்றது என்று பிறருடைய உபகாரத்தாலேயே பல்லாயிரம் ஆண்டுகளாகத் தழைத்து வந்திருக்கும் ஒரு தாவரம், மனிதர் தமக்குள் உபகாரம் செய்துகொள்ளும் பருவத்தின் சின்னமாகத் திகழ்வது மிகவும் பொருத்தமே. இப்பண்டிகைகளைக் கொண்டாடும் இளம் பெற்றோர், விளக்கின் அழகோடு நின்றுவிடாமல், கோடைப் பிற்பகலில் ஒருமுறை பூவுக்குள் உறங்கும் தேனீயையும், இலையுதிர் காலத்தில் உண்டியல் சென்று சேரும் இடத்தையும், பண்டிகை கழிந்தபின் எருக்குழியையும் தம் குழந்தைகளுக்குக் காட்டுவார்களாயின், கொடுத்தும் கொண்டும் வாழ்வதே உயிர்களின் இயல்பு என்ற உண்மை எவ்வித உபதேசமும் இன்றியே அவர்கள் உள்ளத்தில் வேரூன்றும்; ஈகை அவர்களுக்குப் பண்டிகைக் காலத்துச் சடங்காக நில்லாமல் ஆண்டு முழுவதற்கும் உரிய பழக்கமாக அமையும்.