கணனித் தொழிலில் பட்டமும் சான்றிதழும் அநுபவமும்

1957 ஆம் ஆண்டிலே அம்ஸ்ரர்டாம் நகரில் எட்ஸ்கர் டைக்ஸ்ரா என்பார் தம் திருமணத்தைப் பதிவு செய்யப் புக்கபோது, தமது தொழில் செய்நிரல் எழுதுதல் எனக் கூறினார். அப்படியொரு தொழில் உண்டென்பதை நகர அதிகாரிகள் ஒப்பினாரல்லர். ஆகவே பத்திரத்தில் அவர் கோட்பாட்டுப் பௌதிகர் என்றே பதியப்பட்டார். 1972 இல் கணனியியலின் தலையாய பரிசிலாகிய ரியூரிங் விருதைப் பெற்றவர் இவரே.

இத்துறையிலே தொழில் முந்தியது, பட்டம் பிந்தியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953 இல் ஓராண்டு டிப்புளோமா ஒன்றைத் தொடங்கிற்று. அமெரிக்காவிற் கணனியியலுக்கெனத் தனித்துறை முதன்முதலாக அமைந்தது 1962 இல், பேடியூ பல்கலைக்கழகத்தில். மருத்துவரும் வழக்கறிஞரும் பதிவின்றித் தொழில் செய்தல் குற்றமாகும். செய்நிரல் எழுதுவோர்க்கு அத்தகைய தடை பொதுவாக இல்லை. கதவு திறந்திருப்பதனாலேயே, பட்டமா, சான்றிதழா, அநுபவமா என்ற மயக்கம் மாணவரிடையே தோன்றுகின்றது. இம்மயக்கத்திற் பெற்றோர் செலவிடும் பணமும் இளைஞர் செலவிடும் ஆண்டுகளும் சிறியன அல்ல. ஒரே பொருளுக்கு மூன்று விலை குறித்தாற்போல இவற்றை நோக்குதலே மயக்கத்தின் வேர் என்பது எமது கருத்து. இவை மூன்றும் வெவ்வேறு செய்திக்குச் சாட்சி பகர்வன.

சான்றிதழை முதற்கண் நோக்குவாம். 1990 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் அலுவலகக் கணனிகளை இணைக்கும் வலையமைப்பென்றால் நொவெல் கம்பனியின் நெற்வெயார் என்பதே பலர் கருத்து. அக்கம்பனி வழங்கிய பொறியியலாளர் சான்றிதழைப் பெற்றவருக்கு வேலை தேடி வந்தது. மைக்ரோசொவ்ற்றின் விண்டோஸ் என்.ரி. பரவ, சில ஆண்டுகளுள் நெற்வெயார் ஒதுங்கிற்று. 2011 இல் நொவெல் கம்பனியே பிறர் கைக்கு மாறிற்று. சான்றிதழ் பொய்யாகவில்லை, அது சாட்சி கூறிய பொருளே சந்தையை விட்டு நீங்கிற்று. வழங்குவோரும் இதனை அறிவர். வாழ்நாள் முழுதும் செல்லுமென வழங்கப்பட்டு வந்த கொம்ரியாவின் ஏ பிளஸ் சான்றிதழ், 2011 முதலாகப் புதிதாய்ப் பெறுவோர்க்கு மூன்றாண்டே செல்லுபடியாகும் என விதிக்கப்பட்டது. வினாக்களை மனனஞ் செய்து சித்தியெய்தும் வழக்கமும் பல சான்றிதழ்களின் மதிப்பைக் குறைத்தது. இதனால் எல்லாச் சான்றிதழ்களையும் இகழ்தல் தகாது. சிஸ்கோ கம்பனி 1993 இல் தொடங்கிய நிபுணர் பரீட்சையிலே, பரீட்சார்த்தி ஆய்வுகூடத்தில் எட்டு மணி நேரம் இருந்து வலையமைப்பை அமைத்தும் பழுது நீக்கியும் காட்டல் வேண்டும். அங்கே மனனம் உதவாது.

பட்டம் பகரும் சாட்சி வேறு. படிமுறைகளின் ஆராய்ச்சி, தரவுக் கட்டமைப்பு, பணிசெயல் முறைமையின் தத்துவம், நிகழ்தகவு என்பன எந்தக் கம்பனியின் பண்டமும் அல்ல. தரவுத்தளங்களுக்குரிய தொடர்புமுறைக் கோட்பாட்டை எட்கர் கொட் வெளியிட்ட ஆண்டு 1970. அதனைக் கற்றவர் இன்றும் அதனாற் பயன் கொள்கின்றார். நெற்வெயாரின் கட்டளைகளை மட்டும் கற்றவர் புதிதாய்த் தொடங்க வேண்டியவரானார். வலையமைப்பின் தத்துவத்தையும் உடன் கற்றவர்க்குப் புதிய முறைமை சில மாத உழைப்பாக முடிந்தது. ஆயின், நாலாண்டு பயின்றும் பிறர் எழுதிய நீண்ட செய்நிரலொன்றை வாசித்துப் பிழை காணமாட்டாத பட்டதாரியும் உளர். பட்டம் அதற்குச் சாட்சியன்று. அதற்கெனப் பாடமும் அரிது.

எம் நாட்டிலோ வினா இன்னும் கூர்மையானது. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும் பல்கலைக்கழக அநுமதி பெறாதார் ஆண்டுதோறும் மிகப் பலர். அன்னோர் பட்டம் தமக்கில்லை எனக் கருதி, கவர்ச்சியான விளம்பரங்களை நம்பிச் சான்றிதழ்களை அடுக்குகின்றனர். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தை இவர்கள் முதலில் எண்ணுதல் நன்று. முதலாண்டை முடித்தார்க்கு டிப்புளோமாவும், இரண்டாமாண்டை முடித்தார்க்கு உயர் டிப்புளோமாவும், மூன்றாமாண்டின் முடிவிற் பட்டமும் கிட்டும் வகையில் அது வகுக்கப்பட்டது. இடையில் நிற்க நேரினும் கை வெறிதாகாது. வேலை பார்த்துக்கொண்டே கற்கலாம் என்பது இதன் பெரும் பேறு. அது கேட்கும் மனவுறுதியும் பெரிதே.

அநுபவத்தைப் பட்டத்தோடு நிறுத்துப் பார்க்கும் தராசொன்று அமெரிக்கக் குடிவரவு விதிகளில் உண்டு. சிறப்புத் தொழில்களுக்கான எச்-1பி விசாவிலே, மூன்றாண்டு அநுபவம் ஓராண்டுப் பல்கலைக்கழகக் கல்விக்கு ஈடாகக் கொள்ளப்படும். நாலாண்டுப் பட்டத்துக்குப் பன்னீராண்டு உழைப்பு என்றவாறு! அவ்வநுபவமும் எத்தகையதாயினும் அமையாது. சிறப்பறிவைக் கோட்பாட்டளவிலும் செய்கையளவிலும் பிரயோகித்ததாக இருத்தல் வேண்டும். அத்துறையிற் பட்டமோ அதற்கீடான தகைமையோ உடையாரோடு கூடிப் பணியாற்றியதாகவும் இருத்தல் வேண்டும். விதி கடுமையானதே. எனினும் அதனுள் ஓர் உண்மை கிடக்கின்றது. ஒரே பணியைத் தனித்திருந்து திரும்பத் திரும்பச் செய்தவரின் ஆண்டுகளும், தம் வேலையைக் கற்றறிந்தார் நாள்தோறும் திருத்தக் கேட்டவரின் ஆண்டுகளும் சமமல்ல.

வேலையில்லாதார்க்கு அநுபவம் எங்ஙனம் கிட்டும்? பணம் கொடுத்துப் பெறும் இன்னொரு சான்றிதழ் இதற்கு விடையன்று. மூலநிரலை யாவரும் காண விட்டிருக்கும் திறந்த மென்பொருட் பணிகள் உள. அத்தகைய பணிகளில் இளைஞரை ஈடுபடுத்தக் கூகிள் நிறுவனம் 2005 இல் தொடங்கிய கோடைத் திட்டத்திலே, மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர் பல ஆண்டுகள் எண்ணிக்கையில் உலகின் முன்னணியில் நின்றனர். 2022 முதல் அத்திட்டம் பதினெட்டு வயது நிரம்பிய, மாணவரல்லாத தொடக்க நிலையாளருக்கும் திறக்கப்பட்டது. திட்டத்திற் சேராதாரும் அப்பணிகளுக்குப் பங்களிக்கத் தடையில்லை. ஒருவர் எழுதிய நிரலும், அதனை மூத்தோர் மறுத்த காரணமும், அவர் திருத்தி மீளவும் அனுப்பிய வடிவமும் அங்கே தேதியோடு எவரும் காணக் கிடக்கின்றன.