கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு "பக்டீரியா ஊசி" வந்துவிட்டதா?



1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு நம்ம சனத்தில் பலர் மலையை விட்டு வன்னிக்குப் போனது உங்களுக்குத் தெரியும். அப்படிப் போய்க் கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கும் ஒரு அக்காவுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே கொழுந்தெடுக்கும் அவர் தங்கச்சி என்னிடம் கேட்டார்: "ஐயா, பக்டீரியாவில ஊசி செஞ்சிருக்காங்களாம். அது வந்தா கரண்ட் பிடிக்கத் தேவையில்லையாம். அக்கா பொறுத்திருக்கலாமா?"

பொறுத்திருக்கவே கூடாது. ஆனால் அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை.

நம்ம பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் கையில் போடும் பி.சி.ஜி. ஊசி இருக்கிறதே, தழும்பு விழுமே, அதுவே பலவீனப்படுத்திய உயிருள்ள பக்டீரியாதான். காசநோய்க்கான அதை மூத்திரப்பைப் புற்றுநோய்க்கும் பயன்படுத்தலாம் என்று 1976இல் கனடாவில் ஒரு வைத்தியர் காட்டினார். இன்றும் அதைக் குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் விடுகிறார்கள். கிருமியைக் கண்டதும் உடம்பின் காவல்காரர்கள் ஓடி வருவார்கள். வந்த இடத்தில் புற்றையும் சேர்த்து அடிப்பார்கள்.

கருப்பைக் கழுத்து விசயம் கொஞ்சம் வேறு. இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்ற வைரசு. இதைக் கண்டுபிடித்த ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்று உண்டான கலங்களுக்குள் இந்த வைரசின் ஒரு துண்டு இருந்துகொண்டே இருக்கும். உடம்புக்கு அதை அடையாளம் காட்டிவிட்டால் போதும் என்று ஆராய்ச்சிக்காரர் நினைத்தார்கள். காட்டுவது யார்? அதற்கு லிஸ்டீரியா என்ற பக்டீரியாவைப் பிடித்தார்கள். காய்ச்சாத பாலில் வருமே, அந்தக் கெட்ட கிருமிதான். அது நம்ம காவல் கலத்துக்கு உள்ளேயே போய்க் குடியிருக்கக்கூடியது. அதைப் பலவீனமாக்கி, வைரசின் துண்டை அதன் முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். உள்ளே போய் அது காட்டிக்கொடுத்தால், உடம்பு அதே அடையாளம் உள்ள புற்றுக் கலங்களைத் தேடிப் போய் அழிக்க வேண்டும். எண்ணம் நல்ல எண்ணம்தான்.

இதை இந்தியாவிலேயே பரீட்சித்தார்கள். சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்பி வந்த 109 பெண்களுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு ஊசி மட்டும், சிலருக்கு மருந்தும் சேர்த்து. முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஊசியே போடாத பெண்களை ஒப்பிட அதில் சேர்க்கவில்லை. அதனால் இது ஊசியின் பலனா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. பிறகு அமெரிக்கக் கம்பனி ஒரு பெரிய பரீட்சையைத் தொடங்கி, செலவும் காலமும் அதிகம் என்று 2019இல் நிறுத்திவிட்டது. ஆக, அந்த ஊசி ஆஸ்பத்திரி மருந்தாக வரவில்லை. யாராவது காசுக்குத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

புற்று நம்ம காவல்காரருக்குப் போடும் பிரேக்கை எடுத்துவிடும் மருந்தும் உண்டு. 2018இல் இந்த நோய்க்கு அமெரிக்கா அனுமதித்தது. விலை நம்ம சம்பளத்துக்கு எட்டாது. அதுவும் எல்லோருக்கும் பொருந்தாது.

அந்த அக்காவுக்குச் சத்திர சிகிச்சையா, கரண்டா, மருந்தா என்பதை வைத்தியர் நோயின் படியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நேரத்தோடு பிடித்தால் இந்தச் சிகிச்சைகளால் சுகமானவர்கள் நிறைய. வட்டக்கச்சியில் இருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகலாம். நமக்குக் கண்டி, பதுளை, இல்லாவிட்டால் மகரகம. தங்கச்சி அதைத்தான் போனில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் போடும் ஊசி வேறு. அது வைரசு வராமல் தடுப்பது. வந்த நோயை மாற்றாது. சில வீடுகளில் "பிள்ளை பெறாம பண்ற ஊசி" என்று பயந்து மகளை அன்றைக்கு லயத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு விசயத்தில் நம்ம பெண்கள் பட்ட பாட்டை நினைத்தால் அந்தப் பயம் புரிகிறது. ஆனால் இந்த ஊசிக்கும் கருவுக்கும் சம்பந்தமே இல்லை.

ஊசி போடும் வயது தாண்டிய நமக்குப் பாப் பரிசோதனை இருக்கிறது. வைரசு புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருடம்கூட எடுக்கும். அதற்குள் பார்த்தால் புற்று ஆகும் முன்னமே எடுத்துவிடலாம். 1996 முதல் அரசாங்கம் நடத்தும் சுவநாரி கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. வெட்கமாக இருக்கும், உண்மைதான். பார்ப்பவரும் பெரும்பாலும் பெண்தான். அரைப்பேர் போய்விடும் என்று யோசித்தால், என்னிடம் சொல்லுங்கள், கங்காணியிடம் நான் பேசுகிறேன்.

புருசனோடு சேர்ந்த பிறகு இரத்தம் பட்டால், தீட்டு நின்ற பிறகும் இரத்தம் கண்டால், நாற்றத்தோடு வெள்ளை பட்டால், வயதைப் பார்க்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள். பரிசோதனைக்கு மட்டும் போகிறவர்கள் தீட்டு நாட்களில் போக வேண்டாம். கிளினிக் எந்தக் கிழமை என்று குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸிடம் கேளுங்கள். பிள்ளைமடுவத்துக்கு வரும்போதே கேட்கலாம்.