பார்த்தது கடலில், புரிந்தது ஊரில்

1836 அக்டோபர் 2. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃபால்மத் துறைமுகத்தில் அன்றிரவு கடும் புயல். உலகைச் சுற்றிவிட்டு வந்து நங்கூரமிட்ட பீகிள் கப்பலிலிருந்து இறங்கிய 27 வயது இளைஞர் ஒருவர், விடியும்வரைகூடப் பொறுக்காமல் தபால் வண்டியில் ஏறிவிட்டார். இரண்டு நாள் குதிரை வண்டிப் பயணம். ஷ்ரூஸ்பரியில் இருந்த வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது குடும்பம் காலை உணவுக்குக் கூடியிருந்தது. மருத்துவரான அப்பா மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவன் தலையின் வடிவமே மாறிப்போயிருக்கிறதே என்று மகள்களிடம் சொன்னாராம். சார்லஸ் டார்வினின் தலை மாறியிருக்க வாய்ப்பில்லை. தலைக்குள் இருந்ததும் அன்றைக்கு அவ்வளவாக மாறியிருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

நம்மில் பலர் பள்ளியில் படித்த கதை வேறு. கலாபகஸ் தீவுகளில் இறங்கினார், குருவிகளின் அலகுகள் தீவுக்குத் தீவு வேறுபடுவதைக் கண்டார், பரிணாமம் புரிந்துவிட்டது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். நடந்தது அப்படியல்ல. அந்தத் தீவுகளில் அவர் கழித்தது 1835 செப்டம்பர், அக்டோபரில் ஐந்து வாரம். தாம் பார்த்தது என்ன என்று அவருக்குத் தெரிந்தது 1837-இல், லண்டனில். இடையில் ஒன்றரை ஆண்டும் பாதி உலகமும் கிடக்கின்றன.

1831 டிசம்பர் 27 அன்று பீகிள் புறப்பட்டபோது திட்டம் இரண்டு ஆண்டுப் பயணம்தான். அது ஏறத்தாழ ஐந்து ஆண்டாக நீண்டது. டார்வினுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. முதல் வாரம் தொடங்கிய குமட்டல் கடைசி வாரம்வரை விடவில்லை. நல்லவேளையாக, ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டுக்கு மேல் அவர் தரையில்தான் இருந்தார். கப்பல் கரையோரத்தை அளந்துகொண்டிருக்க, இவர் குதிரையேறி உள்நாட்டில் பாறைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அளப்பதுதான் கப்பலின் வேலை. தென் அமெரிக்கக் கரைகளுக்கு வரைபடம் போடுவது, உலகைச் சுற்றி முக்கியத் துறைமுகங்களின் தீர்க்கரேகையைக் கணிப்பது. அதற்காகக் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 22 காலமானிகளை ஏற்றியிருந்தார். ஒரு துறைமுகத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டே போய், உலகைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 24 மணி நேரம் வர வேண்டும். ஊர் திரும்பிக் கூட்டிப் பார்த்தபோது 33 விநாடி அதிகமாக வந்தது. நிலநடுக்கோட்டில் இது சுமார் 15 கிலோமீட்டர். ஆட்டமும் வெயிலும் ஈரமும் தாங்கி ஐந்து ஆண்டு ஓடிய கடிகாரங்களுக்கு இது அபாரமான கணக்கு. இந்தக் கணக்குக்காகவே 1836 ஜூலை இறுதியில், வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்த கப்பலை ஃபிட்ஸ்ராய் மறுபடியும் அட்லாண்டிக்கைக் கடக்கவைத்துப் பிரேசிலின் பாயியாவுக்குத் திருப்பினார். வீட்டு ஏக்கத்தில் இருந்த டார்வின் நொந்துபோனார். அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் கடலையும் அதில் மிதக்கும் எல்லாக் கப்பல்களையும் சபித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவர் கையில் இருந்தவற்றின் பட்டியல் மலைக்க வைப்பது. நாட்குறிப்பு 770 பக்கம், நிலவியல் குறிப்புகள் 1,383 பக்கம், உயிரியல் குறிப்புகள் 368 பக்கம். சாராயத்தில் பதப்படுத்திய 1,529 உயிரினங்கள். தோல், எலும்பு, உலர்ந்த மாதிரி என எண்ணிட்டவை 3,907. இவற்றில் பெரும்பகுதியை அவர் பயணத்தின் நடுவிலேயே பெட்டி பெட்டியாகக் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஜான் ஹென்ஸ்லோவுக்கு அனுப்பிவிட்டார். ஹென்ஸ்லோ பெட்டிகளைக் காத்ததோடு நிற்காமல், மாணவரின் கடிதங்களிலிருந்து சில பகுதிகளை அச்சிட்டு அறிவியல் வட்டாரத்தில் சுற்றுக்கு விட்டார். ஆகவே ஊர் திரும்பும்போது டார்வினுக்கு ஓரளவு பெயர் வந்திருந்தது.

பெயர் வந்துவிட்டது, ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே முழுதாகத் தெரியாது. ஒரு பறவை தனி இனமா, ஏற்கெனவே தெரிந்த இனத்தின் சிறு மாறுபாடா என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் ஆயிரம் பறவைகளின் தோல்கள் இருக்க வேண்டும். அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணும் வேண்டும். ஆடும் கப்பலில் இரண்டுக்கும் வழியில்லை.

லண்டன் விலங்கியல் சங்கத்தில் அந்தக் கண் இருந்தது. ஜான் கூல்ட், பறவை நிபுணர். 1837 ஜனவரி தொடக்கத்தில் பறவைகள் அவர் கைக்குப் போயின. டார்வின் பல வகைப் பறவைகள் என்று கலந்துகட்டிக் குறித்திருந்தவற்றை கூல்ட் சில நாட்களிலேயே பிரித்துப் பார்த்து, எல்லாமே ஒரே ஃபிஞ்ச் குருவிக் கூட்டத்தைச் சேர்ந்த தனித்தனி இனங்கள் என்றார். எண்ணிக்கை ஒரு டஜன் அளவில். உலகில் வேறெங்கும் இல்லாத கூட்டம்.

எந்தக் குருவி எந்தத் தீவு? இங்கேதான் டார்வின் மாட்டிக்கொண்டார். பெரும்பாலான குருவிகளின் சீட்டில் தீவின் பெயரை அவர் எழுதவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் வெவ்வேறு உயிரினங்கள் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? நினைத்தவர் ஒருவர் இருந்தார்: தீவுகளின் துணை ஆளுநர் நிக்கலஸ் லாசன். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடுவேன் என்று அவர் டார்வினிடமே சொல்லியிருக்கிறார். அது காதில் விழுந்தது, மனதில் தைக்கவில்லை. பசிபிக்கைக் கடக்கையில் உணவுக்கென்று கப்பலில் ஏற்றிய ராட்சத ஆமைகளைக் கறியாக்கித் தின்றுவிட்டு ஓடுகளைக் கடலில் வீசிவிட்டார்கள். பரிணாமத்துக்கான முதல்தரச் சாட்சியங்கள் சமையற்கட்டு வழியே போய்ச் சேர்ந்தன.

குருவிகள் காப்பாற்றப்பட்டதற்குக் காரணம் மற்றவர்கள். ஃபிட்ஸ்ராயும் டார்வினின் உதவியாளர் சிம்ஸ் கவிங்டனும் தங்களுக்கென்று சுட்டு வைத்திருந்த பறவைகளில் தீவின் பெயர் இருந்தது. ஒரு கோட்பாடும் மனதில் இல்லாதவர்கள் ஒழுங்காகக் குறித்திருந்தார்கள். அவர்களிடம் கேட்டு வாங்கித்தான் டார்வின் தம் குருவிகளுக்குத் தீவு தேடினார். 1980-களில் வரலாற்றாசிரியர் ஃபிராங்க் சலோவே இந்தச் சீட்டுகளையெல்லாம் மறுபடி ஆராய்ந்து, குருவிக் கதை எவ்வளவு பிற்காலத்தில் புனையப்பட்டது என்று காட்டினார்.

உண்மையில் டார்வினின் கண்ணைத் திறந்தது வேறு பறவை. பிற பறவைகளின் குரலைப் பாவனை செய்யும் மாக்கிங்பேர்டு. அந்தப் பறவையைத் தென் அமெரிக்கப் பெருநிலத்தில் அவர் நிறையப் பார்த்திருந்தார். கலாபகஸின் முதல் தீவான சான் கிறிஸ்டோபலில் பார்த்ததும், அடுத்ததான ஃப்ளோரியானாவில் பார்த்ததும் ஒன்றுபோல் இல்லை என்று அங்கேயே பட்டுவிட்டது. அதனால் இவற்றுக்கு மட்டும் தீவுவாரியாகச் சீட்டுக் கட்டினார். 1836 நடுவில், வீடு திரும்பும் வழியில் பறவைக் குறிப்புகளைச் சீர்செய்தபோது, இந்தச் சந்தேகத்துக்குச் சிறிதளவேனும் ஆதாரம் இருந்தால் இனங்கள் மாறாதவை என்ற நம்பிக்கையே ஆட்டங்காணும் என்ற பொருள்பட எழுதினார். அந்த 'இருந்தால்' என்ற சொல்லை 1837 பிப்ரவரி இறுதியில் கூல்ட் எடுத்துவிட்டார்: இவை மாறுபாடுகள் அல்ல, மூன்று தனித்தனி இனங்கள்.

இதில் என்ன அதிர்ச்சி? ஒவ்வோர் இனமும் அது வாழும் இடத்துக்கேற்ப அங்கேயே படைக்கப்பட்டது என்பது அன்றைய அறிஞர்களிடையே பரவலான கருத்து. கலாபகஸ் எரிமலைத் தீவுக்கூட்டம். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டேவும் அப்படியே. கருகிய லாவா, வறட்சி, வெப்பம் என்று இரண்டும் பல வகையில் ஒத்திருக்கின்றன. இடத்துக்கேற்ற படைப்பு என்றால் இரண்டிலும் உயிரினங்கள் ஒத்திருக்க வேண்டும். ஆனால் கலாபகஸ் உயிர்கள் அமெரிக்கச் சாயலில் இருக்கின்றன, கேப் வெர்டே உயிர்கள் ஆப்பிரிக்கச் சாயலில். தீவின் மண் அவற்றைத் தீர்மானிக்கவில்லை. அருகில் இருக்கும் கண்டம்தான் தீர்மானித்திருக்கிறது. அப்படியானால் அவை கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவை. வந்தபின் மாறியவை. தீவுகளுக்கு நடுவே ஆழ்கடலும் வேகமான நீரோட்டமும் இருந்ததால், போக்குவரத்தின்றித் தீவுக்குத் தீவு தனித்தனியே மாறியவை.

கேப் வெர்டேதான் பீகிள் நின்ற முதல் இடம், 1832 ஜனவரியில். ஊர் திரும்பும் வழியில் 1836-இலும் அங்கே நின்றது. கலாபகஸை மட்டும் பார்த்துவிட்டு வந்த ஒருவரால் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்க முடியாது. உலகத்தையே சுற்றியிருக்க வேண்டும். அதன்பின் ஓரிடத்தில் உட்கார்ந்து யோசிக்கவும் வேண்டும்.

எல்லாமே ஊருக்கு வந்த பிறகுதான் என்றால் அது மிகை. பவளத் தீவுகள் எப்படி உருவாகின்றன என்ற விளக்கத்தை டார்வின் ஒரு பவளத் தீவைக்கூடப் பார்க்காமலேயே தென் அமெரிக்கக் கரையில் யோசித்து முடித்துவிட்டார். கடலடித் தரை மெல்லத் தாழ்கிறது. ஆழமற்ற நீரில் மட்டுமே வாழும் பவளம் அதற்கு ஈடாக மேல்நோக்கி வளர்கிறது. நடுவில் இருந்த மலை மூழ்கியபின் வளையம் மட்டும் மிஞ்சுகிறது. 1952-இல் பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அவர் சொன்னது சரி. இதற்கு அருங்காட்சியகம் தேவைப்படவில்லை, தர்க்கம் போதுமானதாக இருந்தது. இனங்களின் கேள்விக்கு அது போதவில்லை.

எலும்புகளின் கதையில் ஒரு வேடிக்கை. பாட்டகோனியாவில் அவர் தோண்டியெடுத்த மாக்ராகெனியா என்ற பெரிய விலங்கை, இன்றைய லாமாவின் உறவு என்று உடற்கூறியல் நிபுணர் ரிச்சர்ட் ஓவன் சொன்னார். அழிந்த உயிரும் வாழும் உயிரும் ஒரே நிலத்தில் உறவுக்காரர்களாக இருப்பது ஏன் என்று டார்வின் யோசிக்க அது பெரிதும் உதவியது. ஆனால் ஓவன் சொன்னது தவறு. 2015-இல் எலும்பிலிருந்து எடுத்த புரதத்தை ஆராய்ந்தபோது அது குதிரை, காண்டாமிருகம் ஆகியவற்றுக்கே நெருக்கமானது என்று தெரிந்தது. தவறான விடை சரியான கேள்வியை எழுப்பிவிட்டது. அறிவியலில் இது அபூர்வமில்லை.

1837 ஜூலையில் டார்வின் ஒரு புதிய குறிப்பேட்டைத் திறந்தார். அதன் 36-ஆம் பக்கத்தில்தான் கிளைவிடும் மரம் ஒன்றைக் கிறுக்கினார். அடுத்த ஆண்டு மால்தஸின் மக்கள்தொகை நூலைப் படித்தபோது இயற்கைத் தேர்வு என்ற விசை கிடைத்தது. பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வந்தது 1859-இல். அவர் பிரிட்டனை விட்டு மறுபடி வெளியே போகவே இல்லை. மரம் கிறுக்கிய அந்தக் குறிப்பேடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து காணாமல்போய், 2022-இல் ரோஜா நிறப் பரிசுப் பை ஒன்றில் திரும்பி வந்தது. கொண்டு வைத்தவர் பெயரைச் சொல்லவில்லை.

அதே கப்பலில், அதே கரைகளைப் பார்த்து வந்த ஃபிட்ஸ்ராய், 1839-இல் வெளியிட்ட பயண நூலில் விவிலியப் பெருவெள்ளத்துக்கு ஆதரவாக ஓர் அத்தியாயமே எழுதினார். பார்த்த காட்சிகள் பெரும்பாலும் ஒன்றே. ஊருக்கு வந்தபின் யாரிடம் கேட்டார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் இருவரும் பிரிந்தார்கள்.

ஃப்ளோரியானா தீவின் மாக்கிங்பேர்டு, டார்வின் வந்துபோன சில பத்தாண்டுகளிலேயே அந்தத் தீவில் அழிந்துவிட்டது. அருகில் உள்ள இரண்டு குட்டித் தீவுகளில் மட்டும் மிஞ்சியது. டார்வினும் ஃபிட்ஸ்ராயும் 1835-இல் பிடித்துவந்த பறவைகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்ததால், அவற்றின் டிஎன்ஏவைக் குட்டித் தீவுப் பறவைகளோடு 2010-இல் ஒப்பிட முடிந்தது. பழைய ஃப்ளோரியானா மரபின் வெவ்வேறு பகுதிகள் இரண்டு தீவுகளிலும் எஞ்சியிருக்கின்றன. எனவே பறவையைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதானால் இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள்.